படிக்காமல் போட்ட கையெழுத்து

2019 மார்ச் மாதம், விடியற்காலை நாலரை மணி. தீயணைப்பு வண்டியின் முன்பக்கத்தில் ஒரு தாளை வைத்து நீட்டினார்கள். டார்ச் வெளிச்சத்தில் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். 'தீ முழுவதும் அணைக்கப்பட்டது' என்று அதில் எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. கண்ணெல்லாம் எரிச்சல், தொண்டையில் கரி, நடுராத்திரியிலிருந்து நின்றே இருந்த கால்கள். வண்டி கிளம்பி இரண்டு மணி நேரத்தில் அதே குடோன் மறுபடி பிடித்து எரிந்து தரைமட்டமானது. அந்தக் கையெழுத்தின் விளைவைச் சரிசெய்ய எனக்கு இருபத்திரண்டு மாதம் பிடித்தது. அந்த இருபத்திரண்டு மாதமும் கேட்பதற்கு ஆள் இல்லாமல் தடவித் தடவித்தான் வழி கண்டுபிடித்தேன். இன்னொருவருக்கு அந்த நிலைமை வரக் கூடாது என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். எந்த நிலையம், எந்த அதிகாரி என்பதெல்லாம் வேண்டாம்.

எங்களுடையது தென்னை நார் மில். பொள்ளாச்சி, உடுமலை, ஆனைமலை என்று எங்கள் பக்கம் தென்னை இருக்கிற இடத்திலெல்லாம் நார் மில் இருக்கும். மட்டையை நனைத்து மெஷினில் விட்டு அடித்தால் நார் ஒரு பக்கமும் பித் எனப்படும் நார்த்தூள் ஒரு பக்கமும் விழும். நாரைக் களத்தில் காயவைத்து, பிரஸ்ஸில் போட்டு அழுத்திக் கட்டினால் பேல். என் கணவர் 2016-இல் தவறிய பிறகு மில்லை நான்தான் பார்த்துக்கொண்டேன். மகன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்தான். பேங்க் கடன் இருந்தது, இன்சூரன்ஸும் இருந்தது. பிரீமியத்தை ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. பாலிசியைத்தான் ஒருமுறைகூடப் படித்ததில்லை.

அன்று ராத்திரி களத்தில் கிடந்த நார்க் குவியலில் தீ பிடித்தது. மேஸ்திரி வந்து கதவைத் தட்டினார். 11.48-க்கு 101 அடித்தேன். எடுத்தது பக்கத்து மாவட்டத்துக்காரர்கள். நாங்கள் எல்லையில் இருப்பதால் செல்போன் டவர் அந்தப் பக்கம் இழுத்திருக்கிறது. அவர்களிடம் ஊரைச் சொல்லி, அவர்கள் ஒரு நம்பர் கொடுத்து, அதை எழுத பேனா தேடி, எங்கள் நிலையத்துக்கே நேரடியாகப் பேசும்போது 11.56. வண்டி மில்லுக்குள் நுழையும்போது 12.40. இந்த நேரமெல்லாம் எனக்கு எப்படி நினைவிருக்கிறது என்றால், போனில் இருந்ததை மறுநாளே என் மகன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தான். அவன் அதை ஏன் செய்தான் என்று அவனுக்கே தெரியாது. கடைசியில் பெரிய உதவியாக நின்றதில் அதுவும் ஒன்று. உங்கள் பகுதி நிலையத்தின் நேரடித் தொலைபேசி எண்ணை இன்றைக்கே சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். 101, 112 இரண்டும் அடிக்க வேண்டியவைதான். மாவட்ட எல்லையில் இருப்பவர்களுக்கு நேரடி எண்ணும் கையில் வேண்டும்.

வந்தவர்கள் வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ஐந்து பேர் வந்தார்கள். குடோன் சுவரை ஒட்டிப் போன தீயை அவர்கள்தான் மறித்தார்கள். ஒருவருக்கு முன்கை வெந்தது. ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஹோஸைப் பிடித்தார். வண்டியில் இருப்பது 4,500 லிட்டர் தண்ணீர். அடிக்க ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். பக்கத்துத் தோட்டத்து மோட்டாரைப் போட்டு மூன்று தடவை நிரப்பினோம். மூன்றரை மணிக்கெல்லாம் சுவாலை எங்கும் இல்லை. குடோனுக்குள் மேற்குப் பக்கத்து பேல்கள் மட்டும் வெளிப்புறம் கருகி, இடுக்குகளிலிருந்து வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது.

நார் எரிவது வேறு, கனல்வது வேறு. இறுக்கி அழுத்திய பேலுக்குள் மேலாகத் தண்ணீர் அடித்தால் உள்ளே போகாது. மேலே சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், நடுவில் கங்கு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு பேலாக இழுத்து வெளியே போட்டு, கம்பியை வெட்டிப் பிரித்து நனைத்தால்தான் அணையும். பித் குவியல் என்றால் இன்னும் மோசம், நாள்கணக்கில் உள்ளுக்குள் கனலும். எங்கள் மேஸ்திரி இருபது வருடம் நாரில் கிடந்தவர். அவர் போய்ச் சொன்னார்: "சார், உள்ள கனலு இருக்குதுங்க. ஜேசிபிய வரச் சொல்றனுங்க, கலைச்சுப் போட்டுரலாம்." அந்த அதிகாரி, "ஈரத்துல புகை வரத்தானப்பா செய்யும், எல்லாம் அணைஞ்சிருச்சு" என்றார். பிறகு அவருக்கு ஒரு போன் வந்தது. அவசர அவசரமாக ஹோஸைச் சுருட்டினார்கள். தாளை நீட்டினார்கள். போய்விட்டார்கள். ஒருவர்கூட மில்லில் இருக்கவில்லை. 'இதைப் பார்த்துக்கொண்டே இருங்கள், புகை கூடினால் உடனே கூப்பிடுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்களிடம் வேலை பார்த்த ஒடிசாப் பையன் ஒருவன், வண்டி கேட்டைத் தாண்டும்போது போனில் ஒரு படம் எடுத்திருந்தான். ஊருக்கு அனுப்புவதற்காக எடுத்த படம். அதில் வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு தெரிகிறது; அதற்கு இந்தப் பக்கம் குடோன் கூரையிலிருந்து எழும்பும் புகை, கேட் விளக்கு வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிகிறது. நேரம் 4.36. 6.40-க்குக் காற்று எழும்பியது. நான் அப்போதுதான் முகம் கழுவ வீட்டுக்கு வந்திருந்தேன். கூப்பிட்டது 6.44. வண்டி வருவதற்குள் கூரைத் தகடு உருகி மடங்கிவிட்டது. முதல் தீயில் போனது மூன்றரை லட்சம் ரூபாய்ச் சரக்கு. இரண்டாவது தீயில் பேல்கள், பிரஸ் மெஷின், மோட்டார், கூரை எல்லாம் சேர்த்துப் பதினாறு லட்சம்.

அந்தக் காலையில் நான் செய்த இரண்டாவது தவறு, வாயால் சொன்ன தொகை. "எவ்வளவும்மா போயிருக்கும்?" என்று சாதாரணமாகக் கேட்டார்கள். "ஏழெட்டு லட்சம் இருக்குமுங்க" என்றேன். அழுதுகொண்டிருப்பவளுக்கு என்ன கணக்குத் தெரியும்? அது அப்படியே தீயணைப்புத் துறை அறிக்கையில் சேத மதிப்பாக ஏறியது. பின்னால் இன்சூரன்ஸ்காரர்கள் என் ஸ்டாக் ரிஜிஸ்டரை ஒரு பக்கமும் இந்தத் தொகையை ஒரு பக்கமும் வைத்துக் கேள்வி கேட்டார்கள். உங்களிடம் யாராவது கேட்டால், "கணக்குப் பார்த்து எழுத்தில் தருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். கையெழுத்துக் கேட்டால் முதலில் படியுங்கள். படிக்கிற நிலையில் இல்லையென்றால் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். உங்கள் கண்ணுக்குப் புகை தெரிந்தால், கையெழுத்துக்கு மேலே 'இன்னும் புகை வருகிறது' என்று எழுதி நேரத்தையும் போடுங்கள். எழுத விடவில்லையென்றால் கையெழுத்தே போட வேண்டாம். போலீஸில் அன்றைக்கே புகார் கொடுத்து அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், கிராம நிர்வாக அலுவலரை வரச் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை எரிந்ததைக் கூட்டித் தள்ளாதீர்கள்.

இன்சூரன்ஸுக்குத் தீயணைப்புத் துறை தரும் அந்த ஃபயர் ரிப்போர்ட் இல்லாமல் ஒன்றும் நகராது. அலைந்து வாங்கும்போது ஏப்ரல் ஆகிவிட்டது. கையில் கொடுத்தது இரண்டு அறிக்கை. முதல் தீ ஒரு விபத்து, 'மின்கசிவு காரணமாக இருக்கலாம்'. இரண்டாவது தீ தனி விபத்து, 'நார் தானாகச் சூடேறித் தீப்பற்றியது'. முதலில் எனக்கு இதன் அர்த்தம் விளங்கவில்லை. எப்படி எழுதினால் என்ன, எரிந்தது எரிந்ததுதானே என்று இருந்துவிட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதம் வந்தபோதுதான் தலையில் இடி விழுந்தது. என்னிடம் இருந்த தீ விபத்துப் பாலிசியில், சரக்கு தானாகப் புளித்தோ சூடேறியோ பற்றினால் இழப்பீடு கிடையாது. அதற்கென்று தனியாகப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். ஆக, முதல் தீக்கு 2,90,000 ரூபாய். இரண்டாவதற்கு ஒன்றுமில்லை. அணையாமல் விட்டுப்போன கங்கு என்று அந்த அறிக்கை சொல்லியிருந்தால் எனக்குப் பணம் கிடைக்கும், நிலையத்துக்குக் கேள்வி வரும். தானாகப் பற்றியது என்று சொன்னதால் அவர்களுக்குக் கேள்வி இல்லை, எனக்குப் பணம் இல்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. எரிந்ததைவிட இந்த ஒரு வரிதான் என்னை அதிகம் நோகடித்தது.

கேட்கப் போகிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் தடுத்தார்கள். "உசுரக் குடுத்து வேல செய்றவங்க மேல போய்ப் புகார் குடுப்பியா கண்ணு?" என்று என் மாமியார் கேட்டார். பக்கத்து மில்காரர் ஒருவர், "நாளைக்கு எங்க மில்லுல பிடிச்சா வண்டி வராம போயிருமுங்க, பேசாம விடுங்க" என்றார். எனக்கும் மனசு இரண்டாகத்தான் கிடந்தது. ஏப்ரல் 14 தீத்தொண்டு நாள். 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது இறந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக வருவது. அந்த வாரம் நான் நிலையத்துக்குப் போயிருந்தபோது வாசலில் மாலை போட்ட பலகை இருந்தது. அதன் முன்னால் ஐந்து நிமிடம் நின்றேன். கை வெந்தவர் என்னைப் பார்த்து, "மில்லு மறுபடி ஓட்டறீங்களாக்கா?" என்று கேட்டார். அவர் மேல் எனக்கு ஒரு துளி கோபம் இல்லை. ஆனால் உயிரைக் கொடுத்து வேலை செய்கிறார்கள் என்பதற்காக, நடக்காததை எழுதிய தாள் உண்மையாகிவிடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிய பிறகுதான் என்னால் தெளிவாகக் கேட்க முடிந்தது.

முதலில் வார்டு கவுன்சிலராக இருந்தவரிடமும் நகராட்சியிலும் போய் நின்று ஒரு வாரத்தை வீணாக்கினேன். அரசியல் சாசனத்தின் 12-ஆவது அட்டவணையில் தீயணைப்பு நகராட்சிப் பணிகளில் ஒன்றாக இருந்தாலும், தமிழ்நாட்டில் அதை நடத்துவது மாநில அரசின் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. நிலைய அலுவலருக்கு மேலே மாவட்ட அலுவலர், அவருக்கு மேலே துணை இயக்குநர், தலைமை சென்னை எழும்பூரில். கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்கும் அப்போது வழியில்லை, நாடாளுமன்றத் தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தது. அதனால் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து தொடங்கினேன். ஒரு வெள்ளைத் தாள், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால்.

முதல் மனுவை நான் கெடுத்துக்கொண்டேன். 'ஏன் கிளம்பிப் போனீர்கள், ஏன் ஜேசிபி வரவழைக்கவில்லை' என்று கேட்டு எழுதினேன். கேள்விக்குப் பதில் சொல்வது அந்தச் சட்டத்தின் வேலை இல்லை, ஏற்கெனவே இருக்கிற ஆவணத்தைக் கொடுப்பதுதான் அதன் வேலை என்று பிறகு ஒரு ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் ஊழியர் சொல்லிக் கொடுத்தார். இரண்டாவது மனுவில் தேதி போட்டு, அந்த இருபத்துநாலு மணி நேரத்துக்கான அழைப்புப் பதிவேடு, வண்டி போய்வந்த நேரமும் தூரமும் எழுதும் லாக் புக், பணியில் இருந்தவர்களின் வருகைப் பதிவு, இரண்டு விபத்து அறிக்கைகள், சம்பவ இடத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கிய தாள் ஆகியவற்றின் நகல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கூடவே பதிவேடுகளை நேரில் பார்வையிட அனுமதியும் கேட்டேன். பிரிவு 2(ஒ)-வோ என்னவோ என்று தமிழில் எழுத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், 'ஆவணங்களை நேரில் ஆய்வு செய்யும் உரிமை' என்று எழுதினாலே போதும். நான் இந்தச் சண்டையில் செய்த மிகச் சரியான காரியம் இதுதான்.

முப்பது நாள் கெடு. இருபத்தொன்பதாவது நாள் பதில் போட்டார்கள்: விசாரணை நிலுவையில் இருப்பதால் 8(1) பிரிவின்படி தர இயலாது. விசாரணை நிலுவையில் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது; தகவலைக் கொடுத்தால் அந்த விசாரணை எப்படிக் கெடும் என்று காரணம் காட்ட வேண்டும். டெல்லி உயர் நீதிமன்றம் 2007-இல் பகத் சிங் என்பவர் தொடுத்த வழக்கில் இதைத்தான் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு முதல் மேல்முறையீடு போட்டேன். அதற்கு மறுப்பு வந்த முப்பது நாளைக்குள் போட வேண்டும், கட்டணம் கிடையாது. ஜூலையில் மேல்முறையீட்டு அலுவலர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். நகல் கொடுக்கவும் பதிவேட்டைக் காட்டவும் உத்தரவு போட்டார். அதிகாரிகளுக்குள் போய்வந்த குறிப்புகளை மட்டும் மறுத்துவிட்டார்.

ஆகஸ்டில் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரம் பார்வையிடக் கட்டணம் இல்லை. நீளமான, நீல அட்டை போட்ட நோட்டு. மூலையெல்லாம் எண்ணெய்க் கறை. அழைப்புப் பதிவேட்டில் என் அழைப்பு 12.15 என்று இருந்தது. என் போனில் 11.56. பத்தொன்பது நிமிடம் காணாமல் போயிருந்தது. அந்த '12' என்ற எழுத்து, அந்தப் பக்கத்தில் மற்ற எழுத்துகளைவிட அழுத்தமாக இருந்தது. அதை வைத்து நான் ஒன்றும் சொல்ல வரவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். லாக் புக்தான் எனக்குப் பேசியது. என் மில்லிலிருந்து 4.35-க்குக் கிளம்பிய வண்டி நிலையத்துக்குத் திரும்பவில்லை. நேராக இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கரும்புத் தோட்டத்துத் தீக்குப் போயிருக்கிறது. 4.28-க்கு அழைப்பு. அந்த அதிகாரிக்கு வந்த போன் அதுதான். டிரைவர் கிலோமீட்டர் ரீடிங்கோடு வரிசையாக எழுதியிருந்தார். தீ அணைந்ததால் கிளம்பவில்லை, வேறு தீ வந்ததால் கிளம்பியிருக்கிறார்கள். அதை உள்ளபடி எழுதியிருந்தால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கவே மாட்டேன். ஒரே வண்டியை வைத்துக்கொண்டு அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

அழைப்புப் பதிவேட்டையும் லாக் புக்கையும் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். ஒரு நோட்டைத் திருத்தலாம். வண்டி ஓடிய தூரம், டீசல், அடுத்த அழைப்பின் நேரம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருக்கும், அதைத் திருத்துவது கஷ்டம். ரோட்டைப் பார்த்த பக்கத்து மில் கேமராவில் வண்டி வந்துபோன நேரம் பதிவாகியிருக்கும். நான் கேட்கப் போனபோது பழைய பதிவு அழிந்து மேலே புதியது ஏறியிருந்தது. முதல் வாரத்திலேயே பென்டிரைவில் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு கோவையில் ஒரு வக்கீலிடம் போனேன். துறை மேலேயே நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாமா என்று கேட்டேன். அவர் நேர்மையாகப் பேசினார். டெல்லி உப்ஹார் தியேட்டர் தீயில் 1997-இல் 59 பேர் இறந்தார்கள். அந்த வழக்கிலேயே 2011-இல் உச்ச நீதிமன்றம், தியேட்டர் உரிமையாளரையும் மின் வாரியத்தையும்தான் இழப்பீடு கொடுக்கச் சொன்னது; மாநகராட்சியையும் உரிமம் கொடுத்த அதிகாரியையும் விடுவித்துவிட்டது. கெட்ட எண்ணம் இல்லாமல் கடமையில் தவறினார்கள் என்பதற்காக அரசு அமைப்பிடம் பணம் வாங்குவது அவ்வளவு கடினம் என்றார். "அம்மா, உங்களுக்கு வேண்டியது அவங்க பணமா, அந்த ரிப்போர்ட்டுல ஒரு வரியா?" என்று கேட்டார். வரிதான் என்றேன். அன்றைக்கு அவர் ஃபீஸ்கூட வாங்கவில்லை. எதைக் கேட்கப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கோபத்தில் எல்லாவற்றையும் கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

மாவட்ட அலுவலருக்கு நாலு பக்க மனு கொடுத்தேன். ஒருவரையும் பெயர் சொல்லித் திட்டவில்லை. கால வரிசையில் நேரங்கள், அந்த 4.36 படம், ஸ்கிரீன்ஷாட், லாக் புக் நகல், மேஸ்திரியின் எழுத்து வாக்குமூலம். கோரிக்கை ஒன்றே ஒன்று: இரண்டாவது அறிக்கையில் காரணத்தை மறு ஆய்வு செய்ய வேண்டும். ஒரு மாதம் சத்தமில்லை. செப்டம்பரில் திங்கள்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸில் அதே மனுவைக் கொடுத்து நம்பர் வாங்கினேன். அந்த நம்பர் விழுந்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. நவம்பரில் மாவட்ட அலுவலரே மில்லுக்கு வந்தார். எரிந்த பேல் இரண்டை நான் அப்படியே தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேன். அதைப் பிரித்துக் காட்டச் சொன்னார். வெளிப்பக்கம் நார் நாராகவே இருந்தது. நடுவில் கை போகிற அளவுக்குக் குழி, சுற்றிலும் கரி. அவர் உட்கார்ந்து அந்தக் குழிக்குள் கை விட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. டிசம்பர் கடைசியில் கடிதம் வந்தது: 'இரண்டாவது தீயானது முதல் தீயின் எஞ்சிய கனலின் தொடர்ச்சியாக ஏற்பட்டிருக்க வாய்ப்புள்ளது.' பஸ் ஸ்டாண்டில் நின்று அதைப் பிரித்துப் படித்தேன். அங்கேயே அழுதேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸ் கம்பெனி அந்தக் கடிதத்தையும் ஏற்கவில்லை. தனி உரிமையாளராகத் தொழில் செய்கிறவர்கள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு கிடையாது, வக்கீல் வேண்டாம். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதியிருக்க வேண்டும். அவர்கள் மறுத்தாலோ ஒரு மாதம் பதில் இல்லையென்றாலோ ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். 2020 மார்ச்சில் சென்னைக்கு மனு அனுப்பினேன். அடுத்த வாரமே ஊரடங்கு. நவம்பரில் வீடியோவில் விசாரணை நடந்தது. 11,20,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவு. 2021 ஜனவரியில் பணம் வந்தது. பதினாறு லட்சத்துக்கு ஏன் அவ்வளவு என்றால், தேய்மானமும் நான் குறைத்துக் காட்டி எடுத்திருந்த இன்சூரன்ஸ் தொகையும்தான் காரணம். அது என் தவறு. போக்குவரத்து, நகல், ஆடிட்டர், மெஷின் மதிப்பீடு என்று அலைந்த செலவு 1,40,000. பேங்க் வட்டி தனி. மில் பதினான்கு மாதம் ஓடவில்லை. என்னிடம் இருந்த பன்னிரண்டு பேரில் திரும்பி வந்தது நாலு பேர். அந்த ஒடிசாப் பையன் வரவில்லை, இன்னும் பண்டிகைக்கு மெசேஜ் அனுப்புவான்.

மறுத்த குறிப்புகளுக்காகத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு போட்டு வைத்திருந்தேன். அதற்குத் தொண்ணூறு நாள் அவகாசம் உண்டு. பணம் வந்த பிறகு அதை விட்டுவிடச் சொன்னார்கள், நான் விடவில்லை. 2021-இல் கிடைத்த தாள்களில், நிலைய அலுவலர் என் தீ நடந்த மறுநாளே மேலே எழுதிய ஒரு குறிப்பு இருந்தது. பணியிடங்கள் காலியாக இருப்பதால் ஒரு வண்டிக்கு மட்டுமே ஆள் இருக்கிறது, இரவில் இரண்டு அழைப்பு வந்தால் சமாளிக்க முடியவில்லை என்று தெளிவாக எழுதியிருந்தார். எனக்குக் கொடுத்த அறிக்கையில் மறைத்ததை, அவர் மேலதிகாரிக்கு மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அதைப் படித்தபோது அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி இடம் மாறியது. அந்தக் குறிப்பின் நகலை இணைத்து, காலியிடங்களை நிரப்பவும், நார் மில் அதிகமுள்ள பகுதிகளில் தீ அணைத்த பிறகு பேல்களைக் கலைத்துப் பார்க்காமல் கிளம்பக் கூடாது என்று நடைமுறை வகுக்கவும் கேட்டு இயக்குநருக்கு எழுதினேன். 'பரிசீலிக்கப்படும்' என்று ஒரு வரிப் பதில் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டல் போடுகிறேன்.

போன வருடம் கோடையில் எங்களுக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மில்லில் பிடித்தது. பேசாமல் விடுங்கள் என்று அன்றைக்கு என்னிடம் சொன்னவருடைய மில். போன் வந்ததும் போனேன். அதே நிலையத்து வண்டி, வேறு அதிகாரி. தீ அடங்கியதும் அவரே ஜேசிபி வரச் சொன்னார். ஒரு சின்னப் பையன், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் போல இருந்தது, கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையை ஒவ்வொரு பேல் மேலும் வைத்து வைத்துப் பார்த்தான். சூடு பட்ட பேலில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டான். மத்தியானம் வரைக்கும் கோடு போட்டதையெல்லாம் பிரித்து நனைத்தார்கள். கிளம்பும்போது தாளை நீட்டினார்கள். மில்காரர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வாங்கி முழுவதும் படித்தேன். 'கிழக்கு மூலையில் லேசான புகை உள்ளது, இரவு வரை கண்காணிக்க உரிமையாளரிடம் அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதி, நேரம் போட்டிருந்தது. கிழக்கு மூலைக்குப் போய்ப் பார்த்தேன், புகை இருந்தது. வந்து, "போடுங்கண்ணா" என்றேன்.